பன்னிரண்டாவது உயில்

"உயில எடு, கிளைவ். நான் இப்பவே பாக்கணும்."

தாமசின் அண்ணனிடம் இதைக் கேட்ட நேரத்தில் அவளுடைய அப்பா வில்ஃப் ஹெவெட்சன் முன்னறையில், இரண்டு மர முக்காலிகள் மேல் வைத்த பெட்டிக்குள், மூடி போடாமல் படுத்திருந்தார். சமையலறையில் எட்னா அத்தை, அடக்கம் முடிந்து வருபவர்களுக்கான சாவுத் தேநீருக்காகப் பன்றித் தொடையைத் தாள் தாளாக அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றுவிட்டது.

நான்கு நாளைக்கு முன்னால், தம்பியின் கண்களை மூடிவிட்டு நிமிர்ந்ததும் அத்தை சொன்ன முதல் வார்த்தையே இதுதான். "மண்ணு விழுற வரைக்கும் உயில்ங்கிற பேச்சு உன் வாயில வரக் கூடாது, தாமசின். அப்புறமும் நீயா கேக்காத. ஆம்பள படிப்பான், நாம கேட்டுக்குவோம்." அத்தையின் அப்பா செத்த அன்றைக்கு அத்தைக்கும் யாரோ இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் உயிலைப் பற்றிக் கேட்கவில்லை. அறுபத்தெட்டு வயதாகிறது, இன்னும் கேட்கவில்லை.

கிளைவ் கண்ணாடி முன் நின்று கறுப்புக் கழுத்துப்பட்டையை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். தங்கையைக் கண்ணாடிக்குள்ளேயே பார்த்தான்.

"அப்பா இன்னும் வீட்டுக்குள்ள இருக்காரு."

"அவருக்கென்ன, அவர் எழுதினதுதானே. அவருக்கு ஏற்கெனவே தெரியும்."

"பதினோரு மணிக்குத் தூக்கணும். இன்னைக்கு ஒரு நாள் வாய மூடிட்டு இருக்கக் கூடாதா?"

"நான் மூடிட்டு இருப்பேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு லாரி வருதே, அது இருக்குமா?"

கிளைவின் விரல்கள் பட்டையிலிருந்து இறங்கின. லாரி விஷயம் அவளுக்குத் தெரியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவனும் சொல்லவில்லை, அவன் மனைவி ஜனைனும் சொல்லவில்லை. நேற்று நாய்க்குச் சோறு வைக்கப் போன தாமசின் மலைச் சரிவில் வரிசையாக முளைக்குச்சிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆரஞ்சு நாடா. பக்கத்துப் பண்ணை லான்ஸ் டார்குவிடம் கேட்டதற்கு அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சொல்லிவிட்டார். மரம் நடும் கம்பெனிக்கு நிலம். ஆடுகள் எல்லாம் சந்தைக்கு. வில்ஃப் படுக்கையில் விழுந்த வாரமே கிளைவ் பேசி முடித்தது.

"ஆடு போனா போகட்டும்னு சொல்றியா?" என்றாள் தாமசின்.

"ஆடுதானே. வேணும்னா நாளைக்கே வேற வாங்கலாம்."

அவன் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த மலையில் பிறந்தவன் சொல்லக் கூடாத பொய் அது. மலையில் வேலி கிடையாது. நான்கு பண்ணை ஆடுகள் ஒரே மலையில் மேய்கின்றன. எந்த ஆடும் அடுத்த பண்ணையின் சரிவுக்குப் போவதில்லை. தாய் எங்கே மேய்ந்ததோ அங்கேதான் குட்டியும் நிற்கும். எங்கே பனியில் ஒதுங்க வேண்டும், எந்த ஓடை ஜனவரியிலும் உறையாது என்பதையெல்லாம் ஆடு ஆட்டுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறது. அந்த மந்தையை ஒரே ஒரு முறை லாரியில் ஏற்றிவிட்டால் முடிந்தது. வேறு ஆடு வாங்கி விட்டால் அது அடுத்த மாவட்டத்துக்குப் போய்த்தான் நிற்கும். இது கிளைவுக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

"தேநீருக்கு அப்புறம் படிக்கிறேன்," என்றான் அவன். "எல்லாரும் இருக்கும்போது. இந்த வீட்டு வழக்கம் எப்படியோ அப்படி. அலமாரி சாவி என்கிட்டதான் இருக்கு."

"வழக்கம் எனக்கு உன்னவிட நல்லாத் தெரியும்."

"தெரியும், தெரியும். புஸ்தகமே எழுதினவளாச்சே."

அவள் எழுதியது புத்தகமல்ல, ஆய்வேடு. இந்த வீட்டில் பல்கலைக்கழகப் படியை முதலில் மிதித்தவள் அவள்தான். வரலாறு படிக்கப் போனவளிடம் பேராசிரியர் தலைப்பு கேட்டபோது, மற்றவர்கள் மன்னர்களையும் போர்களையும் சொன்னார்கள். தாமசின் தன் வீட்டை எடுத்துக்கொண்டாள். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இரண்டு கோடைகள் உட்கார்ந்து, வெள்ளை நாடாவில் கட்டிய ஹெவெட்சன் உயில்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பதினோரு உயில்கள். முந்நூற்றைம்பது ஆண்டுகள்.

முதல் உயிலில், 1623இல், ஒரு ஜான் ஹெவெட்சன் நிலத்தையும் மலை ஏறும் ஆடுகளையும் மூத்த மகனுக்கு எழுதிவிட்டு, 'என் மகள் தாமசினுக்கு அவள் படுக்கும் கட்டிலும் ஒரு பித்தளைப் பானையும்' என்று முடித்திருந்தான். தன் பெயரைப் பழுப்பு மையில் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததில் ஒரு மகளுக்குக் கறுத்த பசு. அதற்கடுத்ததில் 'தன் பங்கை ஏற்கெனவே பெற்றுவிட்டபடியால் ஒன்றுமில்லை.' பதினொன்றாவது, அவளுடைய தாத்தா 1971இல் எழுதியது: 'என் மகள் எட்னாவுக்கு, அவள் மணமாகாமல் இருக்கும்வரை, பால் அறைக்கு மேலுள்ள அறை.' அந்த 'இருக்கும்வரை'யின் விலை ஏலக்கடையில் எழுத்தர் வேலை பார்த்த ஒரு மனிதர். அவர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டார். அதை ஆய்வேட்டில் எழுத வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டாள்.

சிரிப்பு மூன்றாவது உயிலோடு நின்றுபோயிருந்தது. அப்பாவுக்கு ஆய்வேட்டின் பிரதி ஒன்றைக் கொடுத்தாள். அவர் ஒரு குளிர்காலம் முழுவதும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, பக்கம் பக்கமாகப் படித்தார். வசந்தத்தில் குட்டி ஈனும் காலத்துக்கு அவள் வந்தபோது, கொட்டகையில் ஒரு ஆட்டின் பின்னால் மண்டியிட்டபடி, "ஆட்டுக் கணக்கெல்லாம் சரியா எழுதியிருக்க," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

தாமசின் முன்னறைக்குப் போனாள். அத்தை அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டிருந்தாள். தாடையில் சின்னக் கீறல். ரத்தம் வராத கீறல். அவரிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

*

மழை தூறிக்கொண்டிருந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். எல்லோரும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள், எல்லோருடைய கோட்டிலும் பூச்சி உருண்டை வாசனை. தேவாலயம் வரை இறக்கம்தான் என்றாலும் லான்ஸ் டார்குவுக்கு மூச்சு வாங்கியது.

"உசுரோட இருந்தப்ப இவ்ளோ கனம் இல்லியே இந்த ஆளு," என்றார்.

"கல்லுச்சுவத்துல ஒரு கல்லு கழண்டிருந்தா எடுத்து வைக்காம போக மாட்டாருல்ல," என்றார் முன்னால் தோள் கொடுத்தவர். "போற வழிக்கு ரெண்டு எடுத்து உள்ள வச்சிருப்பாரு."

பெட்டி லேசாகக் குலுங்கியது. தூக்கியவர்கள் சிரிப்பை அடக்குகிறார்கள் என்று பின்னால் நடந்த தாமசினுக்குத் தெரிந்தது. அப்பாவுக்குப் பிடித்திருக்கும். ஜனைன் மட்டும் அவள் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "கிளைவ் மேல கோவப்படாத. அவனுக்கு முதுகு போச்சு. இந்த மலை உங்கப்பாவத் தின்ன மாதிரி அவனையும் தின்னுடக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன்."

"முதுகுக்கு டாக்டர் இருக்காரு, ஜனைன். மலைக்கு இல்ல."

"நீ பேசுறதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. வருஷத்துல மூணு வாரம் வந்துட்டுப் போறவ பேசலாம்."

அது உண்மை என்பதால் தாமசினுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மண் விழுந்தது. அவளும் ஒரு பிடி போட்டாள். ஈர மண் உதிராமல் கட்டியாக விழுந்து 'தொப்' என்றது.

*

வீடு முழுக்க ஈரக் கம்பளி நாற்றமும் தேநீர் ஆவியும். பன்றித் தொடை, ரொட்டி, பழக் கேக், கேக்கின் மேல் வைத்துத் தின்ன ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி. சாப்பிட்டு முடித்தவர்கள் கிளம்பவில்லை. கிளைவ் எழுந்து சுவரோடு சுவராகப் பதித்த ஓக் அலமாரியைத் திறந்தான். உயில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தான். பேச்சு தானாக அடங்கியது. ஆண்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். எட்னா அத்தை கேக் வெட்டும் கத்தியோடு கதவோரம் நின்றாள்.

எழுதுபொருள் கடையில் விற்கும் அச்சுப் படிவம்தான். அப்பாவின் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, சுவர் கட்டுவது போல. கிளைவ் நின்றபடியே படித்தான்.

"'நான், வில்ஃபிரெட் ஹெவெட்சன், கெல்ட்சைடு பண்ணை, நல்ல நினைவோடு எழுதுவது. பண்ணையும் வீடும் நிலமும் மலை மேய்ச்சல் உரிமையும் ஆடுகளும் என் மகன் கிளைவுக்கு. பால் அறைக்கு மேலுள்ள அறை என் அக்கா எட்னாவுக்கு, அவள் ஆயுள்வரை. என் மகள் தாமசின் தன் பங்கைப் படிப்பாக ஏற்கெனவே பெற்றுவிட்டாள். அவளுக்கு என் நல்லாசி.'"

தாளை மடித்தான். "அவ்ளோதான்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். "நல்லாசியாவது எழுதினாரே," என்றது ஒரு குரல், ஆறுதலாகத்தான்.

பன்னிரண்டு, என்று தாமசின் மனதுக்குள் எண்ணினாள். கறுத்த பசு, பித்தளைப் பானை, பட்டம். அவள் படிப்புக்கு அப்பா கொடுத்தது ரயில் நிலையம் வரை வண்டி. மீதியெல்லாம் அவள் பெயரில் கடனாக இருக்கிறது. அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"சாட்சி யாரு?"

"அது எதுக்கு இப்ப?"

"முழுசாப் படி, கிளைவ். உயில்னா கடைசி வரி வரைக்கும் உயில்தான்."

அவன் சலிப்போடு தாளை மறுபடி பிரித்தான். "லான்ஸ் டார்கு, விவசாயி. ஜனைன் ஹெவெட்சன், இல்லத்தரசி. போதுமா?"

"தேதி?"

"ரெண்டு வருஷம் முன்ன. அக்டோபர்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருஷம்."

"அதுக்கென்ன?"

தாமசின் கோப்பையை மேசை மேல் வைத்தாள். ஆவணக் காப்பகத்தில் ஒன்பதாவது உயிலைப் பிரித்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு மகளுக்கு எழுதிய ஆறு வெள்ளிக் கரண்டிகள் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவளுடைய புருஷன் சாட்சி போட்டுவிட்டான்.

"உயில்ல யாருக்குச் சொத்து எழுதியிருக்கோ அவங்க சாட்சி போடக் கூடாது," என்றாள். "அவங்க புருஷன் பொண்டாட்டியும் போடக் கூடாது. போட்டா அவங்களுக்கு எழுதினது செல்லாது. உயில் செல்லும். எட்னா அத்தையோட அறை செல்லும். உனக்கு எழுதினது மட்டும் எழுதாத மாதிரி. அம்மாவும் இல்ல, எழுதாத சொத்து பிள்ளைங்களுக்குச் சரிபாதி. நூத்தி எழுபது வருஷத்துச் சட்டம் இது, நான் கட்டினது இல்ல."

கிளைவ் தாளின் அடியிலிருந்த கையெழுத்தை மறுபடி பார்த்தான்.

"நான் படிச்சுக்கூடப் பாக்கல," என்றாள் ஜனைன். முகம் வெளுத்திருந்தது. "முட்ட வாங்க வந்தேன். மாமா பேனாவக் குடுத்து இங்க போடும்மான்னாரு. போட்டேன்."

"உன் தப்பு இல்ல, ஜனைன்."

"ஒரு கையெழுத்துக்காகவா?" என்றான் கிளைவ். "அப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். லான்ஸ், நீங்க இருந்தீங்கல்ல. சொல்லுங்க."

லான்ஸ் டார்கு தொப்பியைத் தேடினார். அது மடியிலேயே இருந்தது. "நான் இருந்தேன், தம்பி. பொய் சொல்ல மாட்டேன். நான்கூடச் சொன்னேன், என் வீட்டுக்காரியக் கூப்பிடுறேன், பத்து நிமிஷத்துல வந்துருவான்னு. வேணாம்னாரு. ஜனைனே போதும்னாரு. ரெண்டு தடவ கேட்டேன்."

"வீட்டுல யார் இருக்காங்களோ அவங்களப் போடச் சொன்னாரு. அவ்ளோதான விஷயம்."

"வீட்டுல நானும் இருந்தேன்."

எட்னா அத்தைதான். எல்லோரும் திரும்பினார்கள். சாவு வீட்டில் உயில் படிக்கும்போது அவள் வாய் திறந்ததை யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

"நான் பக்கத்துலயே நின்னு ரொட்டிக்கு மாவு பெசஞ்சுட்டிருந்தேன். கையத் தொடச்சுக்கிட்டு வந்தேன், நான் போடுறேன் குடுன்னு. வில்ஃப் பேனாவத் தரல. 'உனக்கு இதுல அறை இருக்கு எட்னா, நீ போடக் கூடாது'ன்னான்."

அத்தை கேக்கில் ஒரு துண்டு வெட்டி, யாருக்கும் கொடுக்காமல், தட்டில் வைத்தாள்.

அக்கா போடக் கூடாது என்று தெரிந்த மனிதருக்கு மருமகள் போடக் கூடாது என்பது தெரியாமலா இருந்தது? பாதிச் சட்டம் தெரிந்து பாதி தெரியாமல் போவது மலைக்காரர்களுக்கு வழக்கம்தான். ஆனால் இந்த உயிலுக்கு முன்பே அவருக்குக் கொடுத்த ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் வெள்ளிக் கரண்டிக் கதை இருந்தது. விரல் வைத்துப் படித்தவர் அந்தப் பக்கம் வரை வந்தாரா, அதற்குள் குளிர்காலம் முடிந்துவிட்டதா? அறையிலிருந்த எல்லோரும் தாமசினின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருந்தது. அப்பா மனசு உருகி ஒளித்துவைத்த பரிசு என்று அவள் நெகிழ வேண்டும்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்து செய்திருந்தால், மகள் பெயரை நிலத்துக்குப் பக்கத்தில் எழுத அந்த மனிதருக்குக் கை வரவில்லை. சட்டத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று கொடுத்திருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால் அவர் எழுதியது எழுதியதுதான். எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டு உயிலிலும் அந்த இடம் காலி. அதை யாருடைய அன்பு என்றும் அவள் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. உரிமை என்று எடுத்துக்கொள்ளப் போகிறாள்.

"தாமசின்," கிளைவின் குரல் இறங்கியிருந்தது. "பாதியே இருக்கட்டும். வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம். உனக்கும் நல்லதுதானே."

"நான் விக்கல."

"பாதி மலைய வச்சு என்ன பண்ணுவ? ஆடு கோடு பாத்து நிக்குமா?"

"ஆடு எங்க நிக்கணும்னு ஆட்டுக்குத் தெரியும். உன் பாதிக்கு வருஷா வருஷம் குத்தகை தரேன். வேணாம்னா வக்கீல் வச்சுக்கோ, நானும் வச்சுக்கிறேன். ஆனா என் சம்மதம் இல்லாம ஒரு ஆடு லாரி ஏறாது. நாளைக்கு ஏழு மணிக்கு அவன் வந்தான்னா வெறும் வண்டியோடதான் திரும்புவான்."

"யாரு பாத்துக்குவா? நீ அங்க காப்பகத்துல வேல பாத்துட்டு, இங்க பனியில யாரு மேல ஏறுவா? அப்பா இருந்தாரு, நான் இருந்தேன்..."

"அப்பா இருந்தாரு. நீ பால் லாரி ஓட்டின. அத்தை ஏறினா, நாப்பது வருஷமா, அத யாரும் சொல்றதில்ல." அவள் நாற்காலி முதுகிலிருந்து தன் மேல்கோட்டை எடுத்தாள். "காப்பக வேலைய நான் திங்கட்கிழமையே விட்டுட்டேன். என் சாமானெல்லாம் வண்டியிலதான் இருக்கு."

எட்னா அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். "திங்கட்கிழம நீ உயிலப் பாக்கலியே."

"இல்ல."

"உனக்கு ஒண்ணுமே வந்திருக்காதுன்னா?"

"லாரிக்கு முன்னால படுத்திருப்பேன். அப்புறம் எழுந்து லான்ஸ்கிட்ட வேல கேட்டிருப்பேன்."

"குடுத்திருக்க மாட்டேன்," என்றார் லான்ஸ். "வாய் ஜாஸ்தி."

அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அத்தைக்கு மட்டும் உதட்டோரம் அசைந்தது. அவள் கத்தியைக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு, ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு, கிளைவ் முன்னால் போய் நின்றாள். "அந்த லாரிக்காரன் நம்பரக் குடு. உனக்குச் சொல்லக் கூச்சமா இருந்தா நான் சொல்றேன்."

கிளைவ் உயிலை மடித்த மடிப்பிலேயே மறுபடி மறுபடி நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தான். ஜனைன்தான் கைப்பையைத் திறந்து, தன் போனை எடுத்து, அத்தையிடம் நீட்டினாள்.

"கடா ரெண்டும் எங்க?" என்று தாமசின் கேட்டாள்.

"கொல்லைப் பட்டியில," என்றான் கிளைவ் தாளிலிருந்து கண் எடுக்காமல். "இந்த வருஷம் எதுக்குன்னு விடல."

நவம்பர் பன்னிரண்டு. நான்கு நாள் தாமதம். கடாவை இன்றைக்குப் பெட்டை ஆடுகளோடு விட்டால்தான் ஏப்ரலில் புல் முளைக்கும்போது குட்டி விழும். அவள் சாவுக்குப் போட்ட காலணியைப் பார்த்தாள். மாற்ற நேரமில்லை. கதவைத் திறந்து மழைக்குள் இறங்கினாள். மேல் வயலுக்குப் போகும் கேட்டை மறித்தபடி முற்றம் நிறைய துக்கத்துக்கு வந்தவர்களின் வண்டிகள், ஒன்றன் முதுகில் ஒன்றாக நின்றன.

அவள் திரும்பி, திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் வந்து வண்டிய எடுங்க. கடாவ மேல கொண்டு போகணும்."

முதலில் லான்ஸ் எழுந்தார். பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உரசும் சத்தம். கறுப்புக் கோட்டுக்காரர்கள் கையில் சாவியோடு, வாயில் மிச்சக் கேக்கோடு வெளியே வந்தார்கள். முதல் வண்டி சேற்றில் சக்கரம் சுழன்று பின்னால் நகர்ந்தது. இடைவெளி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அவள் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அதற்குள் போனாள்.